கையொப்பத்தின் நிய்யத்

மின்னஞ்சல் எழுதும் நம் எழுத்தாளர்கள் பலரது கடிதங்கள் இப்போது பெயரோடு முடிவதில்லை. பெயருக்குக் கீழே பட்டங்கள் வருகின்றன. அவற்றின் கீழே வெளிவந்த நூல்களின் பெயர்கள், அதற்கும் கீழே இணையத்தள முகவரி. சில வேளைகளில் நூலின் விலையும் பிரதி கிடைக்கும் இடமும் கூட. இவற்றை அவர்கள் ஒவ்வொரு தடவையும் தட்டச்சுச் செய்வதில்லை. ஒரு முறை எழுதிச் சேமித்து வைத்தால் போதும், அதன் பின் அனுப்பும் எல்லாக் கடிதங்களின் அடியிலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். கணினிப் பாஷையில் இதற்கும் கையொப்பம் என்றுதான் பெயர்.

தன் எழுத்தைத் தானே இவ்வாறு அறிமுகப்படுத்துவது ஒரு முஸ்லிம் எழுத்தாளனுக்குத் தகுமா என்ற கேள்வி நம்மவர் மத்தியில் அடிக்கடி எழுகிறது. இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். இது பச்சையான முகஸ்துதி, எழுத்து நல்லதாயின் அது தானே போய்ச் சேரும் என்பது ஒரு கட்சி. தானே போய்ச் சேர்ந்த நூலை நாம் இதுவரை கண்டதில்லை, நம் கட்டிலுக்குக் கீழே இருக்கும் பெட்டிகளை வந்து பாருங்கள் என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சிகளும் கேட்காமல் விட்ட கேள்வியொன்று உண்டு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பெட்டிகளின் கதையைப் பார்ப்போம். இலங்கையில் தமிழில் எழுதும் ஒருவர் பெரும்பாலும் தன் நூலுக்குத் தானே பதிப்பாளர், தானே விநியோகஸ்தர். கையிலிருக்கும் காசையோ மனைவியின் நகையையோ நம்பி சில நூறு பிரதிகள் அச்சிடுகிறார். வெளியீட்டு விழா நடக்கிறது. முதற்பிரதியை ஒரு புரவலர் பெற்றுக்கொள்கிறார். சிறப்புப் பிரதிகள் பெற வருமாறு பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. வந்தவர்கள் கவரில் பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு நூலோடு போகிறார்கள். மறு நாள் தொடக்கம் அந்த நூலை எங்கே வாங்கலாம் என்று கேட்டால் பதில் இல்லை. கொழும்பிலும் சில நகரங்களிலும் உள்ள புத்தகசாலைகளில் சில பிரதிகள் இருக்கும். அக்கரைப்பற்றில் வெளியான நூல் புத்தளத்துக்கு வராது, திக்குவல்லையில் வெளியானது மன்னாருக்குப் போகாது.

இந்நிலையில் கடிதத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகள் அற்பமானவையல்ல. நம் பெண் எழுத்தாளர்களை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேடையேறி ஏற்புரை நிகழ்த்தும் வாய்ப்பு அவர்களுள் பலருக்குக் கிடைப்பதில்லை. சிலர் புனைபெயரில் மட்டுமே அறியப்படுகிறார்கள். தன் கதைகள் எங்கே வாசிக்கக் கிடைக்கும் என்பதைக் கடிதத்தின் அடியில் அமைதியாகக் குறிப்பிடுவது, யார் முன்னும் போய் நிற்காமல் வாசகரைக் கண்டடைய அவர்களுக்கு இருக்கும் வழி. விளம்பரங்களுக்குள் இதைப்போலத் தொந்தரவு குறைந்தது வேறில்லை. கடிதத்தை வாசித்தவர் விரும்பினால் அந்த முகவரிக்குப் போகலாம், விரும்பாவிட்டால் மூடிவிடலாம். வெளியீட்டு விழாவில் பெயர் வாசிக்கப்பட்டவருக்கு அந்தச் சுதந்திரம் கூட இல்லை.

இனி முகஸ்துதிக் கட்சியின் வாதம். மறுமையில் முதலில் விசாரிக்கப்படுவோரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை அறியாதவர் நம்முள் இல்லை. வீரன் என்று சொல்லப்படுவதற்காகப் போரிட்டவர், ஆலிம் என்று சொல்லப்படுவதற்காகக் கற்றுக் கற்பித்தவர், கொடையாளி என்று சொல்லப்படுவதற்காகக் கொடுத்தவர் ஆகிய மூவரும் விரும்பிய பெயரை உலகிலேயே பெற்றுவிட்டதால் அங்கே அவர்களுக்கு மிச்சம் இருக்காது. எழுதுகிறவன் இந்த ஹதீஸை வாசித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. தன்னிடமிருந்து மக்கள் அறிவைப் பெறவேண்டும், ஆனால் அதில் ஓரெழுத்தும் தன் பெயரில் சேரக்கூடாது என்று இமாம் ஷாபிஈ (ரஹ்) விரும்பியதாகவும் அறிவிக்கப்படுகிறது.

அப்படியானால் பெயரே போடாமல் எழுதிவிடலாமா? நம் மார்க்க அறிவு வந்த வழியைப் பார்த்தால் அதற்கும் இடமில்லை. ஹதீஸ் கலையில் இன்னாரென்று அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்பார்கள். அவர் வழியாக வரும் செய்தி பலவீனமானதாகக் கருதப்படும். சொன்னவர் யார், அவர் எப்படிப்பட்டவர், யாரிடமிருந்து கேட்டார் என்று தெரிந்தால்தான் சொல்லுக்கு மதிப்பு. இங்கே பெயரென்பது பொறுப்பு. நான்தான் சொன்னேன், பிழையிருந்தால் என்னைப் பிடியுங்கள் என்ற வாக்குறுதி. இமாம் ஷாபிஈயின் 'அர்ரிஸாலா'வும் அவர் பெயரோடுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், மனிதனை அழிக்கும் குணங்களைப் பேசும் பகுதியில், பதவி மோகத்துக்கும் முகஸ்துதிக்கும் ஒரு தனிக் கிதாபே ஒதுக்கியிருக்கிறார். நம்மவர் அதிலுள்ள எச்சரிக்கைகளை எடுத்துச் சொல்வதுண்டு. அதிலுள்ள நிதானத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. வாழ்வதற்குக் கொஞ்சம் பொருள் தேவைப்படுவது போலவே மக்கள் மனதில் கொஞ்சம் இடமும் மனிதனுக்குத் தேவைப்படுகிறது என்பதை இமாம் ஒப்புக்கொள்கிறார். தன்னிடம் இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டி அந்த இடத்தைத் தேடுவதே ஹறாம். உண்மையில் இருக்கும் தகுதியைச் சொல்லித் தேடுவது ஆகுமானது. இதற்கு அவர் காட்டும் உதாரணம் யூசுப் (அலை) அவர்கள். எகிப்து மன்னனிடம் களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி கேட்டபோது, தாம் பாதுகாக்கக்கூடியவர், விடயமறிந்தவர் என்று அவர்களே தம்மைப் பற்றிச் சொன்னதாக அல்குர்ஆன் கூறுகிறது. பஞ்சம் வரப்போகிறது என்று அறிந்தவர், அதைச் சமாளிக்கும் அறிவையும் பெற்றவர், அடக்கம் கருதி வாய் மூடி இருந்திருந்தால் அந்த அடக்கத்தின் விலையை ஒரு தேசம் கொடுத்திருக்கும்.

இதை நம் சூழலுக்குப் பொருத்திப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களின் அனுபவத்தை ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன கிழக்கின் கிராமமொன்றைப் பற்றி இன்னொருவர் எழுதியிருக்கிறார். இவர்கள் தம் நூலைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது பேணுதலாகாது. அந்த நூல் அவருக்கு மட்டும் சொந்தமானதன்று. அதில் பேசப்படும் மக்களுக்கும் அதில் பங்குண்டு. அதை அறியத் தராமல் விடுவது அமானிதத்தைப் பூட்டி வைப்பது போன்றது.

எனவே கையொப்பத்தில் தன் நூலைக் குறிப்பிடுவதே குற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனினும் எனக்குள் ஓர் உறுத்தல் இருந்து வந்தது. அது என்னவென்று ஒரு கடிதம்தான் எனக்குப் புரிய வைத்தது.

என் உம்மா வபாத்தான வாரத்தில் வெளியூரிலிருந்து இலக்கிய நண்பர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நான்கைந்து வரிகள்தான். இன்னா லில்லாஹி என்று தொடங்கி, உம்மாவின் கையால் சாப்பிட்ட ஒரு நோன்புப் பெருநாளை நினைவுகூர்ந்து, மஃபிரத்துக்கு துஆ கேட்டு முடித்திருந்தார். அழ வைத்த கடிதம். அதற்குக் கீழே அவரது பெயரும் இரண்டு பட்டங்களும். அதற்குக் கீழே அவரது சிறுகதைத் தொகுதி வெளிவந்துவிட்டதென்ற அறிவித்தல், விலை, தபாற் செலவு தனி என்ற குறிப்பு, இணையத்தள முகவரி.

நண்பரை நான் அறிவேன். மையித்து வீட்டுக்கு வந்திருந்தால் வாசலிலே செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையில் தலை குனிந்து உட்கார்ந்து, யாஸீன் ஓதிவிட்டுப் போயிருப்பார். அந்த வீட்டில் நின்றுகொண்டு என் புத்தகம் வந்துவிட்டது, இவ்வளவு ரூபா என்று அவர் சொல்லியிருக்கவே மாட்டார். அதை யாராவது சொல்லக் கேட்டாலும் கோபித்திருப்பார். அவர் வாயால் சொல்லக் கூசும் ஒன்றை அவரது கணினி அவர் பெயரில் சொல்லிவிட்டது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டு கட்சிகளும் கேட்காமல் விட்ட கேள்வி இங்கேதான் இருக்கிறது. தன்னை அறிமுகப்படுத்துவது கூடுமா கூடாதா என்று நாம் விவாதிக்கிறோம். அதை யார் செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்ற ஹதீஸோடுதான் ஸஹீஹுல் புஹாரி தொடங்குகிறது. வழக்கத்தையும் வணக்கத்தையும் பிரிப்பது நிய்யத்துதான் என்று பிக்ஹு அறிஞர்கள் சொல்வார்கள். குளிக்கிறவன் உடற்சூட்டுக்காகக் குளிக்கிறானா, கடமையை நிறைவேற்றக் குளிக்கிறானா என்பதை நீர் தீர்மானிக்காது, அவன் மனமே தீர்மானிக்கும். அந்த மனம் ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தாக வேண்டும். போன மாதம் வைத்த நிய்யத்து இந்த மாதத் தொழுகைக்குச் செல்லாது.

தானாக ஒட்டும் கையொப்பத்தில் இல்லாமற்போவது இதுதான். அதை அமைத்த அன்று நிய்யத்து இருந்திருக்கும். அது நல்ல நிய்யத்தாகவும் இருந்திருக்கலாம். அதன்பின் போகும் ஆயிரம் கடிதங்களில் நிய்யத்து இல்லை. மகனின் ஆசிரியருக்குப் போகும் கடிதம், கடன் கேட்டுப் போகும் கடிதம், மனஸ்தாபத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் போகும் கடிதம் எல்லாவற்றின் அடியிலும் அதே விலைப்பட்டியல். முகஸ்துதிக்காவது ஒரு மனம் வேண்டும், அதைத் திருத்துவதற்கும் தௌபா செய்வதற்கும் அந்த மனமே இடம் தரும். இங்கே ஆளே இல்லாமல் தம்பட்டம் மட்டும் அடிபட்டுக்கொண்டிருக்கிறது.

வியாபார நிறுவனங்கள் இதன் பலத்தை நமக்கு முன்னரே விளங்கிக்கொண்டன. 1996 ஜூலையில் ஆரம்பமான ஹொட்மெயில் சேவை, தன் பாவனையாளர்கள் அனுப்பிய கடிதங்களின் அடியில், நீங்களும் இலவச மின்னஞ்சல் பெறலாம் என்ற கருத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. சுகம் விசாரித்து எழுதியவரும் வேலைக்கு விண்ணப்பித்தவரும் தாம் அறியாமலே அந்த நிறுவனத்தின் முகவர்களானார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசொப்ட் அதை வாங்கியபோது பாவனையாளர் தொகை பல மில்லியனாக வளர்ந்திருந்தது. 2007இல் வந்த ஐபோனும் அதே பாடத்தைப் படித்திருந்தது. இன்ன தொலைபேசியிலிருந்து அனுப்பப்பட்டது என்ற வரியை அது தானாகவே கடிதத்தின் அடியில் வைத்தது. பலர் அதை நீக்க எண்ணியதே இல்லை. நிறுவனத்துக்கு நிய்யத்து தேவையில்லை, எண்ணிக்கை போதும். எழுத்தாளனுக்கு எண்ணிக்கை மட்டும் போதுமா?

பெறுகிறவரின் ஹக்கையும் இங்கே சொல்ல வேண்டும். இணையத்தில் ஒழுகுவது எப்படி என்று வழிகாட்ட 1995 ஒக்டோபரில் 'ஆர்.எப்.சி. 1855' என்ற ஆவணம் வெளியானது. கையொப்பம் நான்கு வரிகளுக்கு மேற்படாமல் இருப்பது நல்லது என்று அது சொன்னது. அதற்குக் காட்டப்பட்ட நியாயம் இன்னும் முக்கியமானது. பலர் நிமிடக் கணக்கில் காசு கொடுத்து இணைப்பைப் பெறுகிறார்கள், உங்கள் கடிதம் நீள நீள அவர்கள் கூடுதலாகக் கொடுக்க நேரும் என்பதே அது. தொலைபேசிக் கம்பியில் இணைந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கடிதம் இறக்கிய காலத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். என் பெருமைக்கு இன்னொருவர் காசு கொடுத்த காலம் அது. இன்று காசு அவ்வளவாகத் தெரிவதில்லை. பெறுகிறவரின் கவனமும் நேரமும் இன்றும் செலவாகின்றன. அவையும் அவருடைய சொத்துத்தான்.

இந்த இடத்தில் ஓர் உயர்ந்த முன்மாதிரி நமக்கு இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையில்லாத மடலை ரோமர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று தோழர்கள் தெரிவித்தனர். அதன் பின்னரே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, 'முஹம்மத் ரஸூலுல்லாஹ்' என்ற வாசகம் மூன்று வரிகளில் பொறிக்கப்பட்டது. அந்த முத்திரை வந்தது பெறுகிறவரின் தேவைக்காக. மடல் உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்று அவர் அறிய வேண்டும். அதே வாசகத்தைத் தம் மோதிரத்தில் வேறெவரும் பொறிக்கக் கூடாதென்றும் தடுத்தார்கள். முத்திரையின் வேலை அடையாளம் காட்டுவது. பலர் கையில் போனால் அந்த வேலை கெட்டுவிடும். குறைஷிகளின் கோத்திரப் பெருமையோ பத்ரின் வெற்றியோ அந்த மோதிரத்தில் இடம்பெறவில்லை. மடலுக்கு வேண்டியது மட்டுமே அதில் இருந்தது. ஒவ்வொரு மடலிலும் அது கையால் பதிக்கப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் முன்னோரின் கையெழுத்துக் கிதாபுகளின் இறுதிப் பக்கங்களில், எழுதியவர் தன்னை 'ஃபகீர்' என்றும் பாவியென்றும் சொல்லி, வாசிப்போரிடம் துஆ கேட்பதைக் காணலாம். அதுவும் கையொப்பமே. சிலருக்கு அது வெறும் சம்பிரதாயமாகப் போயிருக்கவும் கூடும். தாழ்மையும் தானாக ஒட்டிக்கொண்டால் அதற்கும் நிய்யத்து இல்லாமற்போகும். ஆகவே பட்டங்களை அகற்றி 'அடியேன்' என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அல்ஹாஜ், கலாபூஷணம், சமாதான நீதவான் என்று நம் பெயர்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவற்றையும் இதே கேள்வியால்தான் அளக்க வேண்டும். பிரதேச செயலகத்துக்குப் போகும் ஆவணத்தில் சமாதான நீதவான் என்று போட வேண்டும். அங்கே அது தேவை. கவிதைக்குக் கீழே அதற்கு என்ன வேலை? ஹஜ்ஜு அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டது. அதைக் கடிதத்தைப் பெறுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்த வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

நம் எழுத்துலகில் அழகான கையொப்ப வழக்கம் ஒன்று இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். திக்குவல்லை கமால், மருதூர்க் கொத்தன் என்று ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம். எழுதுகிறவர் தன் பெயரை நாட்டும்போது ஊரையும் கூடவே அழைத்துக்கொண்டு வருகிறார். தென்கரையில் ஒரு கிராமம் இருப்பதை அங்கே போகாதவர்களும் அறிந்துகொண்டது அந்தப் பெயர்களால்தான். தன்னைச் சொல்லும்போது தன்னோடு இன்னும் யாரைச் சொல்கிறோம் என்பதில் விளம்பரத்துக்கும் அறிமுகத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது.

இதைப் பின்பற்றி நான் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்குச் சட்டமாக இவற்றைச் சொல்லவில்லை. தானாக ஒட்டும் கையொப்பம் என் கணினியில் இல்லை. பெயரை ஒவ்வொரு கடிதத்துக்கும் தட்டச்சுச் செய்கிறேன், அதற்குச் சில விநாடிகளே போகின்றன. பத்திரிகை ஆசிரியருக்கோ நூலகருக்கோ என்னை அறியாத வாசகருக்கோ எழுதும்போது என் நூலையும் அது கிடைக்கும் இடத்தையும் கூச்சமின்றிக் குறிப்பிடுகிறேன். அவருக்கு அது பயன்படும். சில கடிதங்களில் என் நூலுக்குப் பதிலாக மறைந்த எழுத்தாளர் ஒருவரின் நூலைக் குறிப்பிடுகிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் நம் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ஏராளமாகக் கிடக்கின்றன. தனக்காகக் கையொப்பமிட இயலாதவர்களுக்காக நாம் இடலாம். அனுப்பு முன் என்னை நானே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கடிதத்தைப் பெறுகிறவரின் வீட்டுக்குப் போய், அவர் முகத்தைப் பார்த்து, அடியிலுள்ள வரிகளையும் சேர்த்து வாயால் வாசிக்க என்னால் முடியுமா? முடியுமென்றால் அனுப்புகிறேன். நா கூசினால் அழித்துவிடுகிறேன்.

இது மிகச் சிறிய விடயம், இதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். இன்று கடிதத்தோடு நிற்காமல் வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் நம் பெயர் நம்மைக் கேளாமலே நூறு வாசல்களைத் தட்டுகிறது. நாம் உறங்கும்போதும் நம் பெயரில் ஏதோ சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. எழுத்தாளனிடம் இருப்பதெல்லாம் சொல்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் கேட்கப்படும் என்று நம்புகிறவன், தான் சொல்லாத சொற்கள் தன் பெயரில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. தன் நூலைப் பற்றிச் சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும். சொல்லும்போது அவன் அங்கே இருக்கட்டும்.